மாட்டுத் தவிடும் சர்க்கரை மாத்திரையும்

மாவு மில் நடத்துறவனுக்கு உடம்பெல்லாம் மாவு, மூக்கு மேல கோபம். கடை வெச்சு, நாலு பேருக்குப் பதில் சொல்லியே வாய் வலிச்சவங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும்.

வெள்ளைச் சப்பாத்தி

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் பக்கத்துல என் மில். அபார்ட்மெண்ட் சார் ஒருத்தர் வாராவாரம் அஞ்சு கிலோ கோதுமையோட வருவார். அரைச்சு, சலிச்சு, வெள்ளை மாவு மட்டும் வேணும் அவருக்கு. நார்ச்சத்தும், உடம்பு உள்ளுக்குள்ள துருப்பிடிக்காம காக்குற சத்தும் தவிட்டுலதான் சார் இருக்குன்னு மிஷின் சத்தத்துக்கு மேல கத்துவேன். ஒரு நாள் கத்திக் கத்தித் தொண்டையே கட்டிக்கிச்சு. மனுஷன் அசரல. "சப்பாத்தி கறுத்தா என் பையன் தொட மாட்டாம்ப்பா. தவிட்டை மாட்டுக்குப் போடு, அதுவாவது ஆரோக்கியமா இருக்கட்டும்."

ஸ்டெல்லா அக்கா

அன்னிக்கு வரிசையில அடுத்து நின்னது ஸ்டெல்லா அக்கா. பின் தெருவுல தையல் மிஷின் மிதிக்கிறவங்க. ரொம்ப வருஷமா சர்க்கரை, கால் பெருவிரல்ல ஆறாத புண்ணு. தவிடு எனக்கு ஆகுமான்னு கேட்டாங்க. மாவுல ஒரு கைப்பிடி சேர்த்துப் பிசைங்க, சர்க்கரை சட்டுனு ஏறாதுன்னேன். கேட்க ஒரு ஆள் கிடைச்ச சந்தோஷத்துல அரை மணி நேரம் அளந்து விட்டேன். மாத்திரையைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசல. "கர்த்தரே உன் வாயால பேசறாரு தம்பி!"

சிவப்புப் புள்ளி

மிஷினடியில கூட்டி அள்ளுற தவிட்டை, மாட்டுக்குன்னு சொல்லி ஒரு ஆள் மூட்டையா வாங்கிட்டுப் போவான். மிளகாயும் அங்கேயேதான் அரைக்கிறோம், அதனால அதுல சிவப்புப் புள்ளி கலந்திருக்கும்.

ரெண்டு மாசம் கழிச்சு அக்கா ஒரு பளபளா பாக்கெட்டோட நொண்டிக்கிட்டே வந்தாங்க. தொண்டையில குத்துது, நைசா அரைச்சுக் குடுன்னாங்க. பாக்கெட் மேல 'மாத்திரைக்கு குட்பை'ன்னு அச்சு. பிரிச்சா சிவப்புப் புள்ளி. அடப்பாவி, என் மில்லுக் குப்பை! அக்கா மாத்திரையை நிறுத்தி ஒரு மாசமாம். தவிட்டு மூட்டை வாங்குறவனுக்கு போன் போட்டு, வாயில வந்ததெல்லாம் திட்டினேன். "இன்னாண்ணே பேஜார் பண்ற? மாட்டுக்கு ஒத்துக்கினா மனுசனுக்கு ஒத்துக்காதா?"

ஆஸ்பத்திரியில

மில்லை அப்படியே பூட்டிட்டு, அக்காவை ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினேன். பெருவிரல் கறுத்துப் போயிருந்தது. விரலை எடுத்தே ஆகணும், இன்னும் விட்டிருந்தா காலே போயிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவங்க பிழைப்பே அந்தக் கால்லதான். ரத்தம் கொதிச்சுது எனக்கு. பாக்கெட்டை மேஜை மேல வீசி, இவனை உள்ள தள்ளணும் டாக்டர்னு கத்தினேன். டாக்டரம்மா அக்காவைத்தான் பார்த்தாங்க. தவிடு நல்லதுதான்மா, ஆனா மாத்திரையை விட்டுட்டுச் சாப்பிடுற அளவுக்கு யாரை நம்பினீங்கன்னு கேட்டாங்க. அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "பாக்கெட்டுக்காரனை எனக்குத் தெரியாது டாக்டர், இந்தத் தம்பி தவிடு நல்லதுன்னு சொன்னதைத்தான் நம்பினேன்."

இப்ப யார் தவிடு கேட்டாலும் முதல்ல மாத்திரைச் சீட்டைக் காட்டுன்னு மிரட்டுறேன், சிடுமூஞ்சி மில்லுன்னு பேரு வந்தாச்சு, வரட்டும்.