போன குரலும் திரும்பாத பதிலும்

ஹெட்செட்டின் ரப்பர் வாடை... மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் காதில் மாட்டினால் கன்னமெல்லாம் பிசுபிசுக்கும்.

எண்பதுகளின் நடுவில் பென்னாகரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். வேலைக்குப் புதுசு, சரியான பயந்தாங்கொள்ளி. யாராவது பாலக்கோடு கேட்டால் நேராகக் கொடுக்க முடியாது. தர்மபுரியைக் கூப்பிட வேண்டும். அங்கே ஆபரேட்டர் விஜயாக்கா தன் போர்டில் ஒயரைச் செருகி பாலக்கோட்டோடு இணைப்பார். எந்த ஊருக்கு எந்த வழி என்பதெல்லாம் எங்கள் மண்டைக்குள்தான்.

அன்று சவரிமுத்து அண்ணன் செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார். ஊருக்கு வெளியே தக்காளி போட்டிருந்தவர். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு இரைத்தது.

"அம்மணி, பாலக்கோட்டுக்கு அவசரமாப் பேசணுங்க. எங்கூட்டுக்காரி பாட்டிலை மாத்தி எடுத்துக்கினு போயிட்டா."

பாலக்கோட்டில் பிள்ளை பெற்ற தன் தங்கச்சியைப் பார்க்க அவர் மனைவி பஸ் ஏறியிருந்தார். குழந்தைக்குத் தேய்த்துக் குளிப்பாட்ட ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் கையில். அதே மாதிரி பாட்டிலில்தான் தக்காளிக்கு அடித்த பூச்சிமருந்தின் மிச்சத்தையும் ஊற்றி வைத்திருந்தார்கள். இப்போது விளக்கெண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது. மருந்தைக் காணோம்.

"வாடை காட்டிக் குடுத்துருமேண்ணே?"

"அவளுக்கு மூக்கடைப்பு அம்மணி. அவ தங்கச்சிக்கும் சளியாம்..."

உடனே தர்மபுரியைக் கூப்பிட்டேன்.

தங்கச்சி வீட்டில் போன் இல்லை. தங்கச்சி புருஷன் கணக்கெழுதும் தக்காளி மண்டியில் உண்டு. விஜயாக்கா போட்டுக் கொடுத்தார். அப்புறம் ஒரே அமைதி. ஹலோ ஹலோ என்று கத்திப் பார்த்தேன்.

"காலையில இருந்தே அந்த லைன் அப்படித்தான்மா," என்றார் விஜயாக்கா. "நாம பேசறது அங்க போவுது. அவங்க பேசறது இங்க வரல. பாலக்கோட்டு எக்ஸ்சேஞ்சுலயே கிருஷ்ணகிரி வழியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க."

"அப்ப கிருஷ்ணகிரி வழியாவே குடுங்கக்கா."

"அதுல ஏகப்பட்ட டிரங்க் கால் வரிசையில நிக்குது. புடிக்க நேரமாவும். இதுலயே சொல்லச் சொல்லு. பதில் அந்த வழியா வரட்டும்."

ரிசீவரை ஜன்னல் வழியே நீட்டினேன்.

"சகல, சவரிமுத்து பேசறேன். அந்த பாட்டிலைத் தொறக்காதீங்க. அது மருந்து. புள்ள மேல தேய்க்க வேணாம்... கேக்குதா?"

ஒன்றுமில்லை.

"யாரு எடுத்தாங்கன்னே தெரியலயே அம்மணி. எடுத்தாங்களா இல்லையா?"

"நிறுத்தாம சொல்லிக்கிட்டே இருங்கண்ணே."

சொன்னார். திரும்பத் திரும்ப, சுவரோடு பேசுகிற மாதிரி. நடுவில் நானும் புகுந்து, யார் கேட்டாலும் கிருஷ்ணகிரி சுத்திப் பதில் சொல்லுங்க என்று கெஞ்சினேன்.

பிறகு காத்திருந்தோம். அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டபடி ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார். அதே யோசனையில் நான் ஒகேனக்கல் கேட்டவருக்கு எந்த ஊரையோ கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விஜயாக்கா குரல் வந்தது. "கிருஷ்ணகிரி பேசறாங்க. மண்டியில கேட்டுட்டாங்களாம். சகலைக்காரரு சைக்கிள்ல வூட்டுக்குப் போயிருக்காராம்."

அப்புறமும் காத்திருப்பு. அதுதான் கொடுமை.

கடைசியில் வந்தது. "புள்ளைய மடியில போட்டாச்சாம். பாட்டில் மூடியத் திருகறப்ப போயி நின்னாராம். ஒண்ணும் ஆகல, சொல்லிரு."

சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை.

"நெசமாங்களா? யாரு சொன்னாங்க?"

பாலக்கோடு கிருஷ்ணகிரிக்குச் சொல்லி, அது தர்மபுரிக்கு வந்து, விஜயாக்கா எனக்குச் சொன்னது என்றேன். அத்தனை வாய் மாறி வந்த சேதியை எப்படி நம்புவார் பாவம்... நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றார். டூட்டி முடிந்து நானும் போய் நின்றேன். ஏனோ எனக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை. மனைவி பஸ்ஸை விட்டு இறங்கினார்.  அந்த அம்மா முகத்தைப் பார்த்ததும் சவரிமுத்து அண்ணன் அங்கேயே குந்தி அழுதார்.

போர்டெல்லாம் போய், கம்ப்யூட்டர் வந்து, ரிட்டையர்மெண்டுக்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்களை டிரெய்னிங்குக்கு அனுப்பினார்கள். ஸ்விட்ச்சில், அதாவது கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டியில், ஐபி ரூட்டிங் செட் பண்ணும் வகுப்பு. ரூட்டிங்கை ஆன் செய்தால் மட்டும் போதாதாம். எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி என்று அதற்குச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று பிங் அடித்துக் கேட்டால் பதிலே இல்லை. திரையில் டைம் அவுட், டைம் அவுட்...

சொல்லிக்கொடுத்த பையன் சிரித்தான். "உங்க டேட்டா போய்ச் சேர்ந்திருச்சு மேடம். அந்தப் பக்க ஸ்விட்ச்சுக்குத் திரும்பி வர்ற வழி தெரியல. அவ்ளோதான்."

அவனுக்கு அவ்வளவுதான். எனக்கு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த சவரிமுத்து அண்ணன் ஞாபகம். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பும் வழியைக் கொடுத்த பிறகுதான் பதில் வந்தது.

இப்போது ஒரு சேதி எந்த ஊரைச் சுற்றி வருகிறது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழியை அதுவே தேடிக்கொள்கிறது. நல்ல காலம்தான்.

ஆனாலும் பெங்களூரில் இருக்கும் என் மகளுக்கு மெசேஜ் போட்டால் பதில் வருவதில்லை. ஏன் என்று பிறகு கேட்டால், "பார்த்துட்டேன்மா, டிக் விழுந்துச்சுல்ல, அப்புறம் என்ன?" என்கிறாள்.

அவளுக்கு எப்படிச் சொல்வது... போய்ச் சேர்ந்தது எனக்குப் போதவில்லை, கண்ணு. நீ ஒரு வார்த்தை பேசு.