பத்தொன்பதாம் தேதிக்காரி

ஆர்லீத்தா மேஃபீல்ட் மருத்துவமனைச் சலவைக்கூடத்தை விட்டு வெளியேறியது 1952ஆம் ஆண்டு ஜூன் 18, புதன்கிழமை. நீராவியில் நனைந்து கனத்துப்போயிருந்த ஏப்ரனை அவிழ்த்து, நான்காக மடித்து மேசைமேல் வைத்தாள்.

"நாளைக்கு வரலேன்னா அப்புறம் வரவே வேண்டாம்," என்றாள் மேற்பார்வைக்கார வெள்ளைக்காரி.

"சரிங்கம்மா. நாளைக்கு எனக்கு வேற வேலை இருக்கு."

"அப்படி என்ன வேலை?"

"சுதந்திரமா இருக்கிற வேலை."

வாசலைத் தாண்டிய பிறகுதான் வீட்டுக் கணக்கு நினைவுக்கு வந்தது. வீட்டில் இரண்டு குழந்தைகள். கணவன் கிளீவனுக்கு மரம் அறுக்கும் ஆலையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

அமெரிக்காவில் கருப்பின அடிமைகளுக்கு விடுதலை என்று ஜனாதிபதி அறிவித்தது 1863 ஜனவரி முதல் தேதி. டெக்சாஸ் முதலாளிகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. 1865 ஜூன் 19 அன்று கால்வெஸ்டன் துறைமுகத்தில் படையோடு வந்து நின்ற தளபதி, உத்தரவை அறிவித்தபோதுதான் விடுதலை இங்கே விடுதலையானது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டில் ஆர்லீத்தாவின் கொள்ளுத்தாத்தா இரண்டு பருத்தி அறுவடை எடுத்துக் கொடுத்தார். சட்டப்படி சுதந்திர மனிதர். கையில் சல்லிக்காசு கூலி கிடையாது.

அவரும் அவரோடு இருந்தவர்களும் பிற்பாடு கைக்காசைப் போட்டு, பிரேசோஸ் ஆற்றோரம் ஹார்மன்ஸ் பெண்ட் என்ற இடத்தில் பத்து ஏக்கர் வாங்கினார்கள். நகரத்துப் பூங்காவில் கருப்பர்களை விடமாட்டார்கள். அதனால் கொண்டாடுவதற்கென்றே ஒரு மைதானம். இறைச்சி வாட்டத் தரையில் வெட்டிய நீளமான குழி, பேசுவதற்கு ஒரு மரமேடை. ஆண்டுதோறும் ஜூன் 19 காலையில் குழியில் நெருப்பு மூட்டுவார்கள். மதியம் மேடையேறி அந்த உத்தரவை வாசிப்பார்கள். அப்புறம் மாட்டு விலா எலும்பும் சிவப்பு சோடாவும்.

அந்த வியாழக்கிழமை மைதானத்தில் பாதிக் கூட்டம்கூட இல்லை. சாப்பாடு முடிந்ததும், விழாக் கமிட்டித் தலைவரும் தேவாலயப் பொறுப்பாளருமான டீக்கன் டிட்வெல் தொண்டையைக் கனைத்தார்.

"வேலையை விட்டுட்டு வரமுடியாம ஜனங்க திண்டாடுது. அடுத்த வருஷத்திலேருந்து பக்கத்து சனிக்கிழமைக்கு மாத்திடலாம். சுவையும் மாறாது, சோடாவும் புளிக்காது."

ஆர்லீத்தா எழுந்தாள். "டீக்கன், உங்க பிறந்தநாளை ஆலை முதலாளிக்கு வசதியான நாள்ல கொண்டாடுவீங்களா?"

"சிஸ்டர், நீ நேத்து ஒரு வேலையைத் தொலைச்சிட்டு வந்திருக்கே. எல்லாரும் தொலைக்கணும்ங்கிறியா?"

"யாரும் தொலைக்க வேண்டாம். ரெண்டரை வருஷம் நம்மைக் காக்க வெச்சாங்க. இனிமே நாமளே ரெண்டு நாள் காத்துக் கிடக்கணுமா? அது என்னால ஆகாது."

கூட்டத்தில் சிரிப்பும் முணுமுணுப்பும். டீக்கன் மீசையைத் தடவினார். "சரி, ஒரு பேச்சு. பத்தொம்பதாம் தேதி நீ நெருப்பு மூட்டு, உத்தரவைப் படி. நீ விடாம செய்யிற வரைக்கும் தேதி மாறாது. என்னைக்கு ஒரு வருஷம் தவறுதோ, அன்னையிலேருந்து சனிக்கிழமை."

"எழுதிக்குங்க," என்றாள்.

சொல்வது சுலபம். வீட்டிலேயே துணி வெளுத்து ஐந்து ஆண்டு ஓட்டினாள். 1957இல் வானம் பொத்துக்கொண்டு, பிரேசோஸ் கரை மீறியது. ஜூன் 19 காலை, குழி இருந்த இடத்தில் தவளைதான் கத்திக்கொண்டிருந்தது.

"இந்த வருஷம் கடவுளே சனிக்கிழமைக் கட்சிடி," என்றான் கிளீவன்.

"வாயை மூடிக்கிட்டு அந்த பீப்பாயைத் தூக்கு."

பாதியாக அறுத்த எண்ணெய்ப் பீப்பாயை இருவரும் முழங்கால் தண்ணீரில் இழுத்துப்போய் மேடைமேல் ஏற்றினார்கள். அடியில் செங்கல்லும் மண்ணும் பரப்பினாள். ஈர விறகு புகைந்ததே தவிரப் பற்றவில்லை. மூன்று முறை அணைந்தது. நான்காம் முறை கிளீவன் தன் தொப்பியைக் கழற்றி விசிறினான். தொப்பி பாழ், தீ பிடித்தது.

மழைக்கோட்டோடு வந்து நின்றார் டீக்கன். "இதுதான் குழியா?"

"நெருப்புன்னுதானே பேச்சு? குழின்னு யார் சொன்னா?"

"மேடை எரிஞ்சா?"

"எரிஞ்சா வெளிச்சத்துல படிக்கிறேன். உட்காருங்க டீக்கன், நாங்க ரெண்டு, பிள்ளைங்க ரெண்டு, உங்களோட சேர்த்து அஞ்சு பேர். ஒரு சபைக்குப் போதும்."

உத்தரவை மனப்பாடமாகவே சொன்னாள். அடிமைகள் அனைவரும் சுதந்திரமானவர்கள் என்ற வரி வந்ததும், புகையில் கண்ணைக் கசக்கியபடி டீக்கன் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒரு விலா எலும்பைக் கடித்துவிட்டு, "வேகலை," என்றார்.

"அடுத்த வருஷம் சீக்கிரம் வந்து நீங்களே வேகவைங்க."

வந்தார். சாகும்வரை விறகுப் பொறுப்பு அவருடையதுதான்.

பின்னாளில் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. சேரும்போதே ஆர்லீத்தா சொல்லிவிட்டாள்: "வருஷத்துல ஒரு நாள் வரமாட்டேன். சம்பளத்தைப் பிடிச்சுக்குங்க, காரணம் மட்டும் கேக்காதீங்க." ஆண்டுதோறும் பிடித்தார்கள். சில ஆண்டுகள் மைதானத்தில் ஐம்பது பேர், சில ஆண்டுகள் ஒன்பது பேர். தேதி மட்டும் நகரவில்லை.

1980ஆம் ஆண்டு, ஜூன் முதல் வாரம். சம்பள உறையோடு ஒரு சீட்டும் வந்தது. உடன் வேலை செய்யும் பெர்னெட்டா எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, சீட்டைக் கிழிச்சிட்டாங்களா?" என்றாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆர்லீத்தா உரக்க வாசித்தாள், மேடையில் நின்று வாசிப்பது போல:

"டெக்சாஸ் அடிமை விடுதலை நாளான ஜூன் 19, சட்டப்படி மாநில விடுமுறை நாளாகும். அன்று விடுப்பு எடுக்கும் ஊழியர்களுக்குச் சம்பளம் பிடிக்கப்படமாட்டாது."