ஏழு மாதம் பந்திக்குப் போகாத எங்கள் அண்ணன்

கர்த்தருக்குள் பிரியமான உறவின்முறையாருக்கும், சபையாருக்கும், தாராவியில் எங்கள் சால் என்னும் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எல்லா ஜனங்களுக்கும் ஸ்தோத்திரம். எங்கள் அண்ணன் இளைப்பாறுதலுக்குள் போய் ஒரு வருஷம் நிறைகிறது. நினைவு மலர் ஒன்று போட வேண்டும், அதில் நீங்கள்தான் எழுத வேண்டும் என்று மதினி சொல்லிவிட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தோல் கம்பெனி வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் பேனாவைப் பிடிக்கக் கை வருவதில்லை. ஆனாலும் ஒரு காரியத்தை நான் எழுதியே தீர வேண்டும்.

அண்ணன் ஒரு சமயம் ஏழு மாதம் இராப்போஜனப் பந்திக்குப் போகாமல் இருந்தார்கள். அதற்குச் சபையில் ஒரு காரணம் சொல்லப்பட்டது. அது பொய். மெய் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாமலேயே அவர்களை அடக்கம் பண்ணிவிட்டு வந்தேன்.

அண்ணன் பிறந்தது திருநெல்வேலிச் சீமையில், நாசரேத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. அடுத்த வருஷமே பம்பாய்க்கு வந்து, மாட்டுங்காவில் ஒரு ஓட்டலில் தண்ணீர் சுமந்தார்கள். பிறகு இரும்புப் பட்டறை. அதன்பின் செம்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை. என்னை அழைத்து வந்ததும் வேலையில் சேர்த்ததும் கல்யாணம் செய்து வைத்ததும் அவர்களே. தாராவியில் ஒரே ரூம். நடுவில் கயிறு கட்டி மதினியின் பழைய சேலை ஒன்றைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தோம். அந்தப் பக்கம் அண்ணன், மதினி, அவர்கள் மகள். இந்தப் பக்கம் நானும் என் மனைவியும் மூன்று பிள்ளைகளும்.

அண்ணன் பெரிய ஊழியம் எதுவும் செய்யவில்லை. வேலை விட்டு வந்ததும் சாலின் முதல் கதவிலிருந்து கடைசிக் கதவு வரை ஒரு நடை போவார்கள். காய்ச்சல் விட்டதா, கடிதம் வந்ததா, மருமகள் பேசுகிறாளா என்று வாசலில் நின்றே கேட்பார்கள். விடிகாலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் பக்கத்து ரூம் மராட்டியத் தாயார், "பாவூ, பானி ஆலா!" என்று முதலில் எழுப்புவது எங்கள் அண்ணனைத்தான். அந்த அம்மாளுக்கு முட்டி வலி. அந்த அம்மாள் குடத்தை அண்ணன் நிரப்பி வைத்த பிறகே நம் குடம். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தையும் அண்ணனே நடத்துவார்கள். சோறு கொஞ்சமாக இருந்தாலும் "போதும்", ரூம் ஒழுகினாலும் "போதும்". உண்மையைச் சொன்னால் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்திருந்தது.

அப்படி இருக்கும்போது அண்ணனுக்குக் கம்பெனி கோட்டர்ஸ் முறை வந்தது. செம்பூரில் இரண்டு அறை, வீட்டுக்குள்ளேயே குழாய். அண்ணன் குடும்பம் அங்கே போனால் எங்களுக்கு ரூம் முழுவதும் கிடைக்கும். என் மனைவி அடுப்பை எந்த மூலைக்கு மாற்றலாம் என்று பார்த்துக்கூட வைத்துவிட்டாள். ஒரு சாயங்காலம் அண்ணன் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "முறைய விட்டுக் குடுத்துட்டேன்" என்றார்கள். அவர்களோடு வேலை பார்த்த மராட்டியர் ஒருவரின் மனைவிக்கு நெஞ்சு வியாதி. "அந்தப் பிள்ளையால குடம் தூக்க முடியல. நமக்கு என்ன, கையும் காலும் நல்லாத்தான இருக்கு? போதும்."

மதினி அடுப்பைப் பார்த்தபடி, "ஊருக்கெல்லாம் கோட்டர்ஸ் குடுப்பாவ. நமக்கு அடுப்பு வைக்க ஒரு மூலை கேட்டா, போதும்பாவ" என்றார்கள்.

மதினி அவ்வளவோடு விட்டார்கள். நான் விடவில்லை. "நீங்க பரலோகம் போறதுக்கு எம் புள்ளைக இந்தச் சீலைக்குப் பொறத்தால மூச்சு முட்டிக் கெடக்கணுமா? இனி எங்கிட்டப் பேசாதீங்க" என்றேன். எனக்குத் தகப்பனாக இருந்தவர்களிடம் அப்படிச் சொன்னேன்.

அன்றிலிருந்து ஒரே ரூமில் பேச்சில்லை, அடுப்பும் இரண்டாயிற்று. அண்ணன் இரண்டு தடவை திரைக்கு அந்தப் பக்கமிருந்து "தம்பி" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஆனாலும் காலையில் என் மனைவி எழுந்து பார்க்கும்போது எங்கள் குடம் நிரம்பியே இருக்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு நமக்கு இராப்போஜனம். முந்தின நாள் ஆயத்த ஆராதனை. யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு வர வேண்டும் என்பது நம் சபை வழக்கம். அந்த மாதம் நான் போய் முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்கினேன். அண்ணன் பின்பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் சபை மூப்பர் ஒருவர் என்னை வாசலில் நிறுத்தினார்.

"ஏம்வே, உங்க அண்ணன் பந்திக்கு வாரதில்ல?"

"தெரியல அண்ணாச்சி."

"ஒரே ரூம்ல இருந்துக்கிட்டு தெரியலங்கீரு. கள்ளச் சாராயம் பக்கம் கால் போவுதோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் மௌனத்தை மூப்பர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். காரியம் தெளிகிற வரைக்கும் வெள்ளிக்கிழமை ஜெபத்தை அண்ணன் நடத்த வேண்டாம் என்று தீர்மானமாயிற்று. அண்ணன் "சரி" என்று பாட்டுப் புஸ்தகத்தைக் கொடுத்துவிட்டு, அதே ஜெபத்தில் கதவோரம் போய் உட்கார்ந்தார்கள்.

ஏழாம் மாதம், மழைக்காலம். குருவானவர் வீட்டுக்கு வந்தார்கள். டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார வைத்து மதினி காப்பி கொடுத்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான் சட்டைப் பித்தானைப் போட்டும் போடாமலும் நின்றேன்.

"நேராவே கேக்கேன். என்ன காரியம், சொல்லும்."

"ஐயா, எம்மேல ஒருத்தருக்கு மனத்தாங்கல் இருக்கு. அது தீரட்டும், வாரேன்."

"யாருக்கு?"

"அதச் சொன்னா கோள் சொன்னதாப் போவும், ஐயா."

"உம்ம மேல தப்பு உண்டா?"

"இல்லன்னுதான் நினைக்கேன். ஆனா அவன் மனசு நொந்து கெடக்கும்போது நான் மட்டும் போயி எப்படிக் கையேந்த?"

நான் இந்தப் பக்கம் நிற்பது குருவானவருக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அப்போதாவது திரையை விலக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. நான் ஏழு மாதமும் மனத்தாங்கலோடு முழங்காலிட்டவன்.

இரண்டு நாள் கழித்து விடிகாலையில் குழாயடிக்குப் போனேன். அண்ணன் கையிலிருந்த குடத்தைப் பிடித்து, "வைங்க அண்ணே, நான் தூக்குதேன்" என்றேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "பழக்கமில்லாதவன், இடுப்பப் புடிச்சுக்கிடாத. முதல்ல அந்த அம்மா குடத்த எடு." நடந்துகொண்டே, "இன்னைக்கு ஒரே அடுப்புல குழம்பு வைக்கச் சொல்லு. ஏழு மாசமா உம் பொண்டாட்டி கருவாட்டுக் குழம்பு வாசனை மட்டுந்தான் எனக்கு" என்றார்கள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

அடுத்த முதல் ஞாயிறு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டோம். வெளியே வந்ததும் மூப்பர் அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கி, "தேறிட்டீரு! அந்தச் சனியன விட்டீரே, ஸ்தோத்திரம்!" என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டு, "ஆமா அண்ணாச்சி, தேறிட்டேன்" என்றார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும் வழியில், "நான் போய் சொல்லிட்டு வாரேன் அண்ணே" என்றேன். "விடுடே. அவருக்கும் ஒரு சந்தோஷம்" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

பிறகு அண்ணனுக்கே நெஞ்சு வியாதி கண்டது. ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம். கடைசி நாட்களில் மூச்சு விடுவதே வேலையாக இருந்தது. அப்போதும் மராட்டியத் தாயாருக்குக் குடம் யார் எடுக்கிறார்கள் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். தலையை அசைத்துக்கொண்டார்கள். அண்ணன் குடித்ததே கிடையாது என்று சபையில் சொல்லப் போகிறேன் என்று அன்று சொல்ல நினைத்தேன். மிகவும் களைப்பாக இருந்தார்கள். நாளை சொல்லலாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் காலையில் பேச்சு நின்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் துணையிருந்த சபை வாலிபருக்கும், ஜெபித்த குருவானவருக்கும், அடக்கத்தன்று எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட சால் ஜனங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கோட்டர்ஸ் பெற்ற அந்தச் சகோதரரும் அவர் மனைவியும் செம்பூரிலிருந்து ஐந்து வாரமும் தினம் கஞ்சி கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சவப்பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்த மூப்பர் அவர்களுக்கும் நன்றி. அண்ணாச்சி, எங்கள் அண்ணன் ஒரு நாளும் சாராயம் தொட்டதில்லை. அந்த மனத்தாங்கல்காரன் நான்தான்.

திரை இன்னும் தொங்குகிறது. மதினி அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். குழம்பு ஒரே அடுப்பில்தான்.

இந்த ஒரு வருஷமாக நான் ஏன் பந்திக்கு வரவில்லை என்று சிலர் கேட்டீர்கள். காரணத்தை எழுதிவிட்டேன். வாசித்த பிறகு உங்களில் யாருக்காவது என்மேல் மனத்தாங்கல் இருந்தால், ஆயத்த ஆராதனைக்கு முன்னால் வந்து சொல்லுங்கள். இல்லையென்றால் அதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.