அவருக்குக் கொஞ்சம் காய்ச்சல்

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் ‘சமாளிப்பு’தான். அந்தப் பெயரை வைத்தது அவளுடைய சொந்த நாத்தனார். பாராட்டி வைத்ததும் இல்லை. ஆனால் பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம்.

பொய் சொல்வதில் அவளுக்கு ஈடு இணை கிடையாது. புருஷன் குடித்துவிட்டுக் குப்புறக் கிடக்கும் காலைகளில் அவருடைய கம்பெனிக்குப் போன் செய்வது அவள் வேலை. “சார், அவருக்குக் கொஞ்சம் காய்ச்சல்” என்பாள். அடுத்த தடவை வயிற்றுப்போக்கு. அதற்கு அடுத்த தடவை இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கும். இல்லாத பெரியப்பாவை இரண்டு தடவை சாகடித்திருக்கிறாள். “போன வருஷமும் பெரியப்பாதானேம்மா செத்தார்?” என்று சூப்பர்வைசர் சந்தேகப்பட்டபோது, “அது மூத்தவர் சார், இவர் ரெண்டாவது பெரியப்பா” என்றாள். மூச்சுகூட முட்டவில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். யாரோ வயிறு நிறைந்த மகராசன் சொன்னது அது. அந்த வீட்டில் போஜனம் கிடைத்ததே அவள் சொன்ன பொய்யால்தான்.

அப்படியே ஓடியிருக்கும். குடல்வால் வீக்கம் வந்து கெடுத்தது. அவளுக்கு அவசரமாக ஆபரேஷன் செய்து ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். வீட்டில் பொய் சொல்ல ஆளில்லை. மெக்கானிக் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் சூப்பர்வைசரே வீட்டுக்கு வந்து கதவைத் தட்ட, மனுஷன் சட்டை ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாக வந்து திறந்தார். குட்டு வெளிப்பட்டது. “சிகிச்சைக்குப் போறியா, வீட்டுக்குப் போறியா?” என்று கம்பெனி கேட்டது. சிகிச்சைக்குப் போனார். பிழைத்தும் கொண்டார். “என்னைக் காப்பாத்துனது டாக்டரும் இல்ல, நீயும் இல்ல. உன் வயித்துவலி” என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அவளுக்கு அந்த இடத்தில் மட்டும் சிரிப்பு வராது.

புருஷனைப் பார்க்கப் போன அதே குடிநோய் சிகிச்சை மையத்தில்தான் அவள் பயிற்சிக்குச் சேர்ந்தாள். குடும்பத்தார் கூட்டத்தில் ஓரமாக உட்கார ஆரம்பித்தவள், அடுத்தவர்கள் அழுதால் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், பிறகு பேச்சுக் கொடுத்தாள். ஒருநாள் தலைமை ஆலோசகர், “இதையே முறையாப் படிங்களேன்” என்றார். தலைமை ஆலோசகருக்கு அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. எல்லோருக்கும் அவர் ‘மேடம்’. பயிற்சி முடித்து, செயல்முறையிலும் தேறிவிட்டால் அந்த மையத்திலேயே காலியாக இருக்கும் ஆலோசகர் இடம் அவளுக்குத்தான் என்றும் சொல்லிவைத்தார். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக அவளுக்கென்று ஒரு வேலை, ஒரு மேசை, கதவில் ஒரு பெயர்ப் பலகை. அதற்கு ஏங்கினாள். வெட்கமில்லாமல் ஏங்கினாள் என்றே சொல்லலாம்.

படிப்பு ஒன்றும் கஷ்டமாக இல்லை. குடியை நிறுத்தியதும் கை ஏன் நடுங்கும், சிலருக்கு வலிப்பு ஏன் வரும், வருஷக்கணக்கில் தொடாதவனுக்கும் திடீரென்று ஆசை எங்கிருந்து கிளம்பும் என்பதையெல்லாம் பாடமாகச் சொன்னபோது, பாதியை அவள் வீட்டிலேயே படித்து முடித்திருந்தாள். பயிற்சியில் ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் ஆலோசகராகவும் உட்கார்ந்து நடித்துப் பார்ப்பார்கள். நோயாளியின் மனைவியாக அவள் நடித்தபோது எதிரே இருந்த பையன் நிஜமாகவே பயந்துவிட்டான்.

ஒன்றே ஒன்றில்தான் தடுக்கி விழுந்தாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அவரவர் பதிலை அவரவர்தான் சொல்ல வேண்டும். “ராத்திரி தூங்கினீங்களா?” என்று கணவனைக் கேட்டால் மனைவி வாயைத் திறக்கக் கூடாது. நோயாளி கால் மணி நேரம் தரையைப் பார்த்தாலும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. இவளோ கேள்வி தரையில் விழும் முன்பே பிடித்துவிடுவாள். மேடம் ஒவ்வொரு தடவையும், “அக்கா, உங்களைக் கேட்கல” என்பார். இவளும் நாக்கைக் கடித்துக்கொள்வாள். நாக்கு கேட்டால்தானே!

செயல்முறைப் பயிற்சி முடியப்போகிற வாரம். வீட்டுக்கு விடுப்பில் போய்த் திரும்புகிறவர்களை வாசலில் வரவேற்று, பக்கத்தில் உட்கார்ந்து பேசி, பார்த்ததை நர்ஸிடம் சொல்ல வேண்டும். அது அவள் பொறுப்பு. ஊதிப் பார்க்கும் மெஷின் பழுது பார்க்கப் போயிருந்ததால் அன்றைக்கு அவள் கண்ணையும் மூக்கையும்தான் நர்ஸ் நம்பியிருந்தாள்.

பெயின்டர் வந்தார். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர், நல்ல மாதிரி, சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள். கூடவே அவருடைய தங்கை, சலவைக் கடையில் வேலை பார்க்கிற பெண். வாசலைத் தாண்டாமல் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயின்டர் பக்கத்தில் உட்கார்ந்ததும் குப்பென்று பெயின்டில் கலக்கும் தின்னர் வாடை. அதற்கு அடியில் இன்னொன்று. எத்தனை வாடைக்கு நடுவே ஒளித்து வைத்தாலும் குடிகாரன் பெண்டாட்டி மூக்கை ஏமாற்ற முடியுமா?

“அக்கா...” என்றார் பெயின்டர், ரொம்ப மெதுவாக. வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. குடித்தது தெரிந்தால் விடுப்பு ரத்து, சிகிச்சை முதலிலிருந்து ஆரம்பம், அவருக்காக வேலையை ஒதுக்கி வைத்திருக்கிற மேஸ்திரி அதுவரை காத்திருக்க மாட்டார்.

நர்ஸ் மாத்திரையோடு வந்தாள். அது சாதாரண மாத்திரை இல்லை. உடம்பில் சாராயம் இருந்தால் அதோடு சண்டை போடும். குடிக்காதவருக்கு மட்டுமே கொடுப்பது. அதனால் ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பாள். “குடிச்சீங்களா?” என்று பெயின்டரைக் கேட்டாள்.

“சேச்சே, வீட்டுக் கதவுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கார். தின்னர் வாடை அது” என்று பதில் வந்தது. பெயின்டரிடமிருந்து இல்லை. நம் சமாளிப்பிடமிருந்து. யோசிக்கவே இல்லை. தும்மல் வருகிற மாதிரி வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தான்தான் என்று அவளுக்கே தெரிந்தது. அடுத்த நொடி வாயைத் திறந்து மாற்றிச் சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை. நர்ஸ் அவளை நம்பினாள். பெயின்டரும், கொஞ்சம்தானே குடித்தோம், ஒன்றும் ஆகாது என்று மாத்திரையை விழுங்கிவிட்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில்தான் அது ஆரம்பித்தது. முகம் சிவந்தது, கழுத்து சிவந்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தார். மேசை மேலேயே வாந்தி. நர்ஸ் பார்த்த மாத்திரத்தில், “ஐயோ, இவர் குடிச்சிருக்கார்!” என்று கத்தி டாக்டரை வரவழைத்தாள். ரத்த அழுத்தம் விறுவிறுவென்று இறங்கியது. கையில் ஊசி, மூக்கில் ஆக்ஸிஜன், ஆளைத் தூக்கிக்கொண்டு ஓட்டம். சமாளிப்பு சுவரோடு சுவராக நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன பொய் எதுவும் இப்படிக் கண் முன்னால் மூச்சு வாங்கியதில்லை.

மதியத்துக்கு மேல் பெயின்டர் தேறினார். கண் திறந்ததும் மேடம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டார். சமாளிப்பும் கால்மாட்டில் நின்றாள்.

“அக்கா மேல தப்பு இல்ல மேடம். பெயின்ட் அடிச்சேன், தின்னர் வாடைன்னு நான்தான் அவங்ககிட்ட பொய் சொன்னேன். நம்பிட்டாங்க” என்றார் பெயின்டர்.

மேடம் அவளைத் திரும்பிப் பார்த்தார். “ஏமாறாத ஆலோசகர் யாரும் இல்ல அக்கா. நானே ஏமாந்திருக்கேன். மனசுல வச்சுக்காதீங்க” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான். செயல்முறைக்கு ஆபத்தில்லை, வேலைக்கும் ஆபத்தில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி அவள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மெக்கானிக் வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் அவரிடம் கொட்டினாள்.

“அவனே ஒத்துக்கிட்டான்ல? அப்புறம் நீ எதுக்குத் துள்ளுற? கம்முனு இரு” என்றார்.

“செத்திருப்பாருங்க. என் கண்ணு முன்னாடி செத்திருப்பாரு.”

“சாகலையே! சொன்னா உன் வேலைதான் போகும். எவ்வளவு ஆசையா இருந்தே.” மனுஷனுக்கு நிஜமாகவே இரக்கம். பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. துண்டில் கை துடைத்தபடியே, “நாளைக்கு அவங்க முகத்துல முழிக்கக் கஷ்டமா இருந்தா போகாதே. நான் போன் பண்ணி உனக்குக் கொஞ்சம் காய்ச்சல்னு சொல்லிடுறேன்” என்றார்.

அவள் சிரித்தாள். சிரிப்பென்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. அவரும் கூடச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் அழுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அவர் சொன்னது அன்பாகத்தான் இருந்தது. அதுதான் அவளைப் போட்டு உலுக்கியது. இதே அன்போடுதானே இத்தனை வருஷம் போனைக் கையில் எடுத்தோம், இதே அன்புதானே இந்த மனுஷனைக் குழி விளிம்புவரை கூட்டிப்போனது என்று நினைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, இருட்டுவதற்குள் பஸ் பிடித்து மையத்துக்கே திரும்பிப் போனாள்.

மேடம் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். அங்கே நின்றபடியே சொன்னாள். “அவர் எங்கிட்ட பொய் சொல்லல மேடம். வாயே திறக்கல. எனக்கு வாடை தெரிஞ்சுது. நான்தான் கதை கட்டினேன்.”

மேடம் சாவியைப் பையில் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். “ஏமாந்தா பரவாயில்ல அக்கா. இது வேற. செயல்முறையை மறுபடி முதல்ல இருந்து செய்யணும். அந்த இடத்துக்கு இந்தத் தடவை வேற ஆள் வருவாங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நாளைக்குக் குடும்பக் கூட்டம். பெயின்டரும் இருப்பார், அவர் தங்கச்சியும் இருப்பாங்க. நீங்களே சொல்லுங்க. உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன்.”

மறுநாள் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெயின்டர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, தெரிந்தே மறைத்ததையும், மாத்திரை போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததையும், வேலை போனதையும் சொன்னாள். “உங்க உசுரோட விளையாடிட்டேன். என்னை மன்னிச்சிருங்க” என்றாள்.

பெயின்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “என்னக்கா இது! உங்க வேலை போகக் கூடாதுன்னுதானே நான் ஏத்துக்கிட்டேன்? வாழ்க்கைல முதல் தடவையா ஒருத்தருக்கு நல்லது பண்ணினேன். அதையும் கெடுத்துட்டீங்களே!”

“நல்லதுதான் பண்ணினீங்க. நானும் உங்களுக்கு நல்லதுதான் பண்ணினேன்” என்றாள் அவள். “பாத்தீங்கல்ல, ரெண்டும் எங்க கொண்டுபோய் விட்டுதுன்னு.”

சமாளிப்புக்கு வாய் துறுதுறுவென்று இருந்தது. இருந்தும் பேசாமல் இருந்தாள்.

பெயின்டரின் தங்கை கைப்பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். “வீட்ல கதவும் இல்ல, பெயின்டும் இல்ல” என்றாள். அண்ணனைப் பார்க்கவில்லை. “அவன் நேத்து காலையிலயே குடிச்சிட்டான். வாடை தெரியக் கூடாதுன்னு தின்னர்ல துணியை நனைச்சு அவன் சட்டையைத் துடைச்சுவிட்டது நான்தான். மாத்திரை பத்தி எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாசல்ல பேசாம நின்னேன்.” அதற்கு மேல் வரவில்லை. அழுகைதான் வந்தது. பெயின்டர் போர்வைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

முன்பென்றால் சமாளிப்பு ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்திருப்பாள். அவள் அசையவில்லை. தங்கை அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, வட்டத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அவளை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“அக்கா, நீங்களும் வீட்டுக்காரருக்காக வருஷக்கணக்காப் பொய் சொன்னவங்கதான்னு சொன்னாங்க. எப்ப விட்டீங்க அதை?”

“நேத்து சாயங்காலம்” என்றாள் அவள்.