ஏரியல் கம்பத்துக்கு ஆறு வோல்ட்

ரேடியோ ரிப்பேர் செய்கிறவனுக்குப் பாட்டு கேட்கும் பாக்கியம் கிடையாது. பாட்டு வந்ததுமே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திருப்புளியும் கையுமாகத் திரிந்த சகாக்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அறுபதுகளின் நடுவில் தென்காசியில் கடை வைத்திருந்தேன். குற்றாலத்தில் பலகாரக் கடை நடத்திய சங்கரபாண்டியன் அண்ணாச்சி ஒரு சீசனில் என்னைப் பிடித்துக்கொண்டார். மலையடியில் அவர் ரேடியோ வெறும் இரைச்சலைத்தான் பாடியது. மேட்டிலிருந்த போட்டிக் கடையிலோ சிலோன் ரேடியோப் பாட்டு கணீரென்று கேட்கும். அருவியில் குளித்த கூட்டம் அங்கே போய் உட்கார்ந்துவிடும். இந்த சீசனும் இப்படிப் போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று புலம்பினார்.

கடைக்குப் பின்னால் பாறையில் இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் சிக்னலைப் பெருக்கும் டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்றைக் கட்டுவது என் திட்டம். பாட்டைக் கீழே கொண்டுவரும் கேபிளிலேயே பெட்டிக்கு வேண்டிய கரண்டை மேலே அனுப்பிவிடலாம். ஆறு வோல்ட் பேட்டரி போதும். ஆனால் சீசனில் குற்றாலத்தில் உலர்ந்த ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஈரக் கையால் கம்பத்தைத் தொடுகிறவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்பதுதான் என் ஒரே கவலை.

பொட்டு வைத்த பிளக்

அண்ணாச்சியின் ரேடியோ டிரான்ஸ்பார்மர் இல்லாத ஜாதி. வீட்டுக் கரண்டின் ஒரு கம்பி, உள்ளே இருக்கும் தகரச் சட்டத்தில் நேராகச் சேர்ந்திருக்கும். பிளக்கை ஒரு மாதிரி செருகினால் சாது. திருப்பிச் செருகினால் சட்டம் முழுக்க ஷாக். கேபிளின் உள்கம்பியைச் சுற்றியிருக்கும் வெளிப்பின்னல் மேலே கம்பத்தோடு சேரும்; அதன் கீழ்முனையைச் சட்டத்தில் இணைத்தால் ஷாக் கம்பம் வரை போய்விடும்.

டெஸ்டரை வைத்துக் காட்டினேன், எரிந்தது. பிளக்கைத் திருப்பிச் செருகினேன், அணைந்தது. வேறு செட் வாங்கினால்தான் வேலை என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அண்ணாச்சி சாமி படத்தடியிலிருந்து குங்குமம் எடுத்து வந்து பிளக்கின் ஒரு பக்கத்தில் பொட்டு வைத்தார்.

"இந்தப் பொட்டு மேல பாத்து இருந்தாச் சரிதானவே? இதுக்குப் போயி புது செட்டு கேக்குதீரே."

எரிந்த பல்பு

சாரல் ஈரத்தில் பொட்டு கரைந்த பிறகுதான் சட்டத்தில் ஷாக் வராத, டிரான்ஸ்பார்மர் வைத்த செட் வந்தது, கம்பமும் ஏறியது. பேட்டரியோடு ஒரு டார்ச் பல்பைச் சீரிஸில், அதாவது கரண்ட் போகும் வழியிலேயே, போட்டேன். கேபிளின் உள்கம்பியும் வெளிப்பின்னலும் எங்காவது முட்டிக்கொண்டால் பல்பு எரியும், பேட்டரி தப்பிக்கும். எரியாமல் இருந்தால் எல்லாம் நலம்.

ஒருநாள் போனால் பல்பு ஜோராக எரிகிறது, ரேடியோ ஊமையாகக் கிடக்கிறது. குரங்கு கேபிளைக் கடித்து நசுக்கியிருந்தது. கடையின் காபி மாஸ்டர் சுடலை மட்டும் பல்பையே ரசித்துக்கொண்டு நின்றார்.

"நேத்து வரைக்கும் அந்த லைட்டு எரியவே இல்ல அண்ணாச்சி. இன்னைக்குத்தான் நல்லா வேலை செய்யுது."

கம்பத்தடியில்

கேபிளை மாற்றியதும் சிலோன் வந்தது, கூட்டமும் வந்தது. அண்ணாச்சிக்குப் பேட்டரிச் செலவு மட்டும் கண்ணை உறுத்தியது. வீட்டுக் கரண்டையே கேபிளில் ஏற்றிவிடச் சொல்லி நச்சரிப்பார். அது ஆளைக் கொல்லும் என்று நான் மறுப்பேன். அன்றும் இதைப் பேசத்தான் என்னைப் பின்பக்கம் இழுத்துப் போனார்.

கதவைத் திறந்தால், கம்பத்தடியில் அவர் மனைவி செல்லம்மாள். அருவியில் குளித்த ஈரத்தோடு ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சேலையை, கம்பம் சாயாமல் கட்டிய இழுகம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். காலடியில் தண்ணீர் ஓடியது.

"ஏட்டி, கைய எடு" என்றார் அண்ணாச்சி.

"தெனமும் இங்கனதான காயப்போடுதேன். இன்னைக்கு என்ன புதுசா?" என்று அந்த அம்மா அடுத்த துணியை உதறினார்.

அண்ணாச்சி படியில் உட்கார்ந்துவிட்டார். கேபிளில் இருப்பது ஆறு வோல்ட்தான், ஒன்றும் செய்யாது என்றேன். அவர் கம்பத்தையும் பேட்டரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேட்டரி தீந்தா சொல்லும்வே. நானே தென்காசிக்கு வந்து வாங்கிட்டு வாரேன்."

நம் தொழிலில் வேலை சுத்தமாக இருந்தால் ஒன்றுமே நடக்காது, ஒன்றுமே நடக்காததற்கு யாரிடம் போய்ப் பாராட்டு கேட்பது?