எஞ்சினுக்குப் போட்ட மாலை

ஆயுத பூஜையன்று என் காரின் எஞ்சினுக்கு மாலை போட்டவன் நான். ஊரெல்லாம் பம்பருக்குத்தான் போடுகிறார்கள். உழைப்பதெல்லாம் உள்ளே இருப்பதுதானே என்று ஒரு தத்துவம் தோன்றி, பானெட்டைத் திறந்து, கைக்கு எட்டிய ரப்பர் குழாயில் சாமந்தி மாலையை அதன் வாழைநாராலேயே இழுத்துக் கட்டினேன். கண்டதையும் படித்தால் இப்படித்தான் தோன்றும்.

மறுநாளிலிருந்து வண்டிக்கு விக்கல். சிக்னலில் நின்றால் உதறும்; கறம்பக்குடி சாலையில் வேகமெடுத்தால் செருமும். பிளக்கை மாற்றினேன். விக்கல் மாறவில்லை.

ஒருநாள் என்னோடு காரில் வந்த மனைவியின் தம்பி, "மச்சான், இதுக்கு வயசாயிருச்சு. ஞாயித்துக்கெழம புரோக்கரக் கூட்டியாரேன், எடைக்குப் போட்டுருவோம்" என்றான்.

"வயசானதையெல்லாம் எடைக்குப் போடுறதுன்னா மொதல்ல என்னையப் போடு."

"ஒங்கள எவன் எடுப்பான்?" என்றாள் பின்சீட்டில் இருந்த மனைவி.

கொடுப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். சாகட்டும், ஆனால் என்ன நோய் என்று தெரிந்து சாகட்டும்.

சனிக்கிழமை பிளக்கைக் கழற்றினேன். புதுப் பிளக்கின் முனை அதற்குள் விபூதி பூசியதுபோல் வெளுத்திருந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்து, காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தேன். விக்கல் நின்றது. ஆக, எங்கிருந்தோ திருட்டுக் காற்று உள்ளே போகிறது.

மனைவியை ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கச் சொல்லிவிட்டு, குழாய்கள்மீது சோப்புத் தண்ணீரைத் தெளித்தேன். ஓரிடத்தில் நுரையை உள்ளே உறிஞ்சியது. அங்கே விரலை வைத்து அடைத்தேன், எஞ்சின் சாந்தமானது. கீறல் விட்ட அந்தக் குழாயின் கழுத்தில் காய்ந்த வாழைநார் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னவாம்?" என்றாள்.

"குழாய் பழசு" என்று நாரைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கீறிய நுனியை வெட்டி, மீதியைச் செருகிக் கிளிப் போட்டேன்.

மறுநாள் மச்சினனையும் புரோக்கரையும் ஏற்றிக்கொண்டு திருமயம் சாலையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒரு விக்கல் இல்லை. "இதையா எடைக்குப் போடச் சொன்னே?" என்றேன்.

இறங்கிய புரோக்கர் பானெட்டைத் தட்டினார். "இத எப்புடிங்க எடைக்குப் போடுறது? இப்பத்தாங்க விக்கிற மாதிரி இருக்கு."

"விக்கிறதா இல்லீங்க" என்று சாவியைப் பைக்குள் போட்டேன். வந்தவர்கள் காப்பியோடு போனார்கள். வென்ற களைப்பில் நாற்காலியில் சாய்ந்தேன்.

துணி துவைக்கப் போன மனைவி திரும்பி வந்தாள். "சட்டப்பையில வாழைநார் கெடந்துச்சு. வர்ற வருசம் பம்பரத் தாண்டி உள்ள கை வெக்காதீங்க."