துண்டை அவிழ்த்த கை

போன வாரம் என் பேரன் அமெரிக்காவுக்குக் கிளம்பினான். படிக்கத்தான். தனியாக, முதல் தடவை. விசா கிடைத்தால் திருத்தணியில் அவனுக்கு மொட்டை போடுவதாக மருமகள் வேண்டிக்கொண்டிருந்தாளாம். கிடைத்துவிட்டது. விமானம் ஏற மூன்று நாள் இருக்கும்போது எல்லோரும் காரில் ஏறப்போக, நான் வாசலில் நின்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "திரும்பி வந்து போட்டுக்கட்டும். இப்போ கூடாது. கூடவே கூடாது!" கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிற கிழவன் சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறானே என்று மருமகள் திகைத்துப்போனாள்.

போட்டுக்கொண்டுதான் வந்தான். என் பேச்சு வீட்டில் எடுபட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. சாயங்காலம் பையன் குனிந்து என் காலைத் தொட்டபோது அந்தச் சந்தனத் தலை என் மூக்கருகே வந்தது. அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தாத்தாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று வெளியில் பேசிக்கொண்டார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன் சார், வேறென்ன.

கத்தி இழுத்த இடமெல்லாம் எரிய, அதன்மேல் ஜில்லென்று சந்தனத்தை அப்புவார்கள். அதோடு சரவணப் பொய்கைத் தண்ணீரின் பாசி வாடையும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். யுத்தம் முடிந்த மறுவருஷம் என் தலையிலும் அது இருந்தது. அப்போது நான் மதராஸில் காலேஜில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வயது. மீசை வந்திருக்கவில்லை. கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு நிழல், அவ்வளவே. இந்த மீசை சமாச்சாரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நைனா ரங்கூனில் மர மில்லில் இஞ்சின் ஓட்டினார். (எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா கூப்பிடு தூரம்.) இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார். தகரப்பெட்டியைத் திறந்தால் பர்மாத் தேக்கின் வாசனை அடிக்கும். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ரங்கூனிலிருந்த நம் ஜனங்கள் காடு மலையென்று நடந்தே வந்தார்கள். நைனாவுக்கு மில்லில் காலில் அடிபட்டிருந்தது, நடக்க முடியவில்லை, அங்கேயே தங்கிவிட்டார் என்று வந்தவர்களில் ஒருவர் சொன்னார். அதற்குப்பின் நான்கு வருஷம் ஒரு வரி இல்லை. ஊர் சும்மா இருக்குமா? பொட்டை அழித்துவிடு, ஆகவேண்டியதைப் பார் என்று அம்மாவிடம் ஜாடையாகச் சொன்னார்கள், பிறகு நேராகவே சொன்னார்கள். அம்மா தினமும் பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்தாள்.

நான்காம் வருஷம் ஒரு கடிதம் வந்தது. கூட இருந்த கோதாவரிக்காரர் யாரோ தெலுங்கில் எழுதிக்கொடுத்தது, அடியில் நைனாவின் தமிழ்க் கையெழுத்து. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், மூச்சு வாங்குகிறது, தனியாகக் கப்பலேற முடியாது, யாராவது வந்தால் ஊருக்கு வந்துவிடுவேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கையெழுத்தின் கடைசிச் சுழியை விரலால் தடவிப் பார்த்து, "இது அவரு போட்டதுதான்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போவதற்கு வீட்டில் வேறு ஆண்பிள்ளை கிடையாது. அரக்கோணத்துக்கு அந்தப்பக்கம் மதராஸைத் தவிர எதையும் பார்க்காத நான், அனுமதிச் சீட்டு வாங்கி, ஊசி போட்டுக்கொண்டு, கடல் தாண்டக் கிளம்பினேன். கிளம்புகிற அன்று காலையில் அம்மா குண்டைத் தூக்கிப் போட்டாள். நைனாவின் கையெழுத்தைக் கண்ணால் பார்த்தால் என் முடியைத் தருவதாக முருகனிடம் சொல்லியிருந்தாளாம்.

"நைனாவைக் கூட்டிக்கினு வந்து, மூணு பேருமா போயி போட்டுக்கலாமேம்மா."

"சாமிக்கு வாக்கு குடுத்துட்டு அத்த அப்டியே வெச்சுக்கினு கடல் தாண்டுவியா? போற வழியில எதுனா ஆச்சுன்னா நான் யாரைப் போயி கேப்பேன்? நட."

நடந்தேன். ஒரு மணி நேரத்தில் தலை பூசணிக்காய் மாதிரி ஆயிற்று. மத்தியானப் பாசஞ்சரில் ஏறினேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தகப்பனோ தாயோ போய்விட்டால் மகன் தலையோடு மீசையையும் வழித்துவிடுவான். சாமிக்கு என்றால் மீசையை விட்டுவைப்பார்கள். மீசையே முளைக்காதவன் தலையைப் பார்த்து எது என்று எப்படிச் சொல்வது? சந்தனம் இருக்கிறவரை சொல்லலாம். சந்தனமோ கப்பலின் உப்புக் காற்றில் இரண்டாம் நாளே உதிர்ந்து போயிற்று.

அதிலிருந்து ஆரம்பித்தது. மேல்தளத்தில் பாயை விரித்துக் கிடந்த நம் ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து, "யாருப்பா தவறிட்டாங்க?" என்று கேட்டார்கள். முதல் இரண்டு பேருக்கு விவரமாகச் சொன்னேன். மூன்றாவது ஆள் கப்பல் சமையல்காரர். நான் வாயைத் திறப்பதற்குள் "ஐயோ பாவம், சின்னப் புள்ள" என்று ஒரு கரண்டி சோறு அதிகமாகப் போட்டார். நான் சொல்லவில்லை. பசி சார், பதினெட்டு வயசுப் பசி. மறுநாளும் தலையைக் குனிந்தபடி தட்டை நீட்டினேன், மறுநாளும் அதிகமாக விழுந்தது. பெற்றவர்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்க, அவர்களில் யாரோ ஒருவர் செத்த கணக்கில் நான்கு நாள் வயிறு நிறையத் தின்றுகொண்டு போனேன். எத்தனை புத்திசாலி நான் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கப்பலில் அரக்கோணத்து பாய் ஒருவர் சிநேகமானார். ரங்கூனில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர், கடையின் சுவராவது நிற்கிறதா என்று பார்க்கப் போனார். அவரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். முதலில் சிரித்தார். ரங்கூன் கரை தெரிகிற நேரத்தில், சிரிக்காமல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளு. ஆஸ்பத்திரிக்கு இப்டியே போவாத. துண்டைத் தலையில சுத்திக்கினு போ. சீக்குல கிடக்குற மனுஷன், உன் தலையைப் பாத்தா இன்னா நெனைப்பாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நைனா உயிரோடு இருக்கிறார். அப்படியானால் இந்தத் தலை யாருக்காக?

துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். பாயே மடிப்பைச் சரிசெய்து விட்டார். ஆஸ்பத்திரி வரை கூடவே வந்தார். பாதிக் கூரை குண்டில் போய், தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. நீளமான வார்டு, கார்பாலிக் நெடி. கடைசிக் கட்டிலுக்கு முந்தின கட்டிலில் நைனா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்பு பார்த்ததில் பாதிதான் இருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்தது. "வந்துட்டியாடா" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

பெரியவர்கள் முன்னால் தலையில் துண்டோடு நிற்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. மணியக்காரரைப் பார்த்தால், வாத்தியாரைப் பார்த்தால், பெற்ற தகப்பனைப் பார்த்தால், துண்டு தானாக அக்குளுக்குப் போகும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. நானும் யோசிக்கவில்லை. என் கை மேலே போயிற்று, துண்டை அவிழ்த்தது. பின்னால் பாய் "தம்பி!" என்றார். அதற்குள் துண்டு என் அக்குளில் இருந்தது.

நீட்டிய கை அப்படியே நின்றது. நைனா என் தலையைப் பார்த்தார், மீசை இல்லாத உதட்டைப் பார்த்தார், மறுபடி தலையைப் பார்த்தார்.

"போயிட்டாளா?"

"இல்ல நைனா! அம்மா நல்லா கீறா. இது வேண்டுதல். சாமிக்குப் போட்டது. உன் கடுதாசி வந்துதுன்னு அம்மாதான் போட்டுக்கினு போவச் சொல்லிச்சு."

தலையை மெல்ல ஆட்டினார். "உன் மொதல் மொட்டைக்கு, நான் இங்கேர்ந்து வரணும்னு ரெண்டு வருஷம் உன் முடியை வாரிப் பின்னிக்கினு காத்துக்கினு இருந்தவடா அவ. ஊரு ஏசிச்சு, கேக்கல. நான் இல்லாம உன் தலையில கத்தி வெக்க உடுவாளா?"

உண்மைதான். அப்படிக் காத்திருந்தவள்தான் என் அம்மா. இந்த ஒரு தடவைதான் காத்திருக்கவில்லை, அதுவும் பயத்தில். அதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? திருத்தணி மலை மேல் சத்தியம் செய்தேன். பாய் அல்லா மேல் ஆணையிட்டார். "நீங்க அவளைப் பாத்தீங்களா பாய்?" என்று நைனா கேட்டார். ஊருக்குத் தந்தி அடித்தேன். ஐந்தாம் நாள் 'அம்மா நலம்' என்று பதில் வந்தது, ஓடிப்போய்ப் படித்துக் காட்டினேன். "தந்தியை யாரு வேணா அடிக்கலாண்டா" என்றார். அம்மாவுக்கு ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. எழுதத் தெரியாது. அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு என் வாயைத் தவிர என்னிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை.

ஆறாம் நாள் கத்திவிட்டேன். சீக்காளி என்றும் பார்க்காமல், வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்க, "உசுரோட கீறவள சாவடிக்காத நைனா!" என்று கத்தினேன். அவர் என்னைக் கிட்டே இழுத்து, கடுகு மாதிரி முளைத்திருந்த என் தலையைத் தடவினார்.

"நீ நல்ல புள்ளடா. நான் கஷ்டப்படக்கூடாதுன்னு சொல்ற. எனக்குத் தெரியாதா?"

தேறினால் அடுத்த கப்பலில் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் நைனா அதற்குப் பிறகு கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட ஆரம்பித்தார். "அவளுக்கோசரம்தான் நாலு வருஷமா மூச்சைப் புடிச்சுக்கினு இருந்தேன்" என்றார் ஒருநாள், ஏதோ சாதாரணமாக. ஒன்பதாம் நாள் காலையில் போய்விட்டார்.

பாய்தான் நாவிதரைத் தேடிப் பிடித்து வந்தார். அவர் என் தலையைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான போட்டிருக்கு?" என்றார். நான் குனிந்தேன். மறுபடி வழித்தார். இந்தத் தடவை சந்தனம் இல்லை.

தந்தியாபீஸ் வாசல்வரை போனேன். எழுத வரவில்லை. பதினாறாம் நாள் வரை பாய் தங்கியிருந்த வீட்டுப் பின்கட்டில் இருந்து, ஆகவேண்டியதை முடித்து, தலையை மறுபடி ஒருமுறை வழித்துக்கொண்டு கப்பலேறினேன். வருகிற நாளை மட்டும் கடிதம் போட்டுச் சொல்லியிருந்தேன். திரும்பும் கப்பலிலும் யாருப்பா தவறிட்டாங்க என்று கேட்டார்கள். அதிகமாக விழுந்த சோற்றை இறக்க முடியவில்லை.

திருத்தணி ஸ்டேஷனில் அம்மா நின்றிருந்தாள். புதுச்சேலை, கனகாம்பரம், நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு. என் தலையைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அனுப்பிவைத்த தலைதானே அது!

"இன்னாடா, இன்னுமா உனக்கு முடி மொளைக்கல?" என்றவள், என்னைத் தாண்டி ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தாள். "உங்க நைனா எந்தப் பெட்டியில கீறாரு?"

உலகத்தில் எந்தத் தாயும் மகனின் மொட்டைத் தலையைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டிருப்பாள். என் அம்மாவுக்கு நான் வாயால் சொல்லவேண்டி வந்தது.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருந்தாள். "கடைசியா என்னைப் பத்தி எதுனா கேட்டாரா?" என்று எப்போதாவது கேட்பாள். "ஆங், நல்லா கீறியான்னு கேட்டாரு. நல்லா கீறேன்னு சொன்னேன்" என்பேன். நைனா என்ன நினைத்துக்கொண்டு போனார் என்பதைக் கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை.

ரங்கூன் கப்பல் நின்று எத்தனையோ காலம் ஆயிற்று. அந்த பாயும் இல்லை. தலையில் துண்டு சுற்றுகிறவர்களே இல்லை, பெரியவர்களைப் பார்த்து எதை அவிழ்ப்பது? முந்தாநாள் பேரன் போய் இறங்கி போன் செய்தான். குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று எல்லாரும் விசாரித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்கள். வழியில் யாராவது உன் தலையைப் பார்த்து ஏதாவது கேட்டார்களா என்றேன்.

"என்ன கேக்கணும் தாத்தா?" என்றான்.